ஆங்கிலம் பேசப் பழக எங்கே பணம் கொடுப்பது? தனி ஆசிரியர், பயிற்சி மையம், செயலி: குமரி மாவட்டத்தவருக்கு ஓர் ஒப்பீடு

கடந்த இரண்டு மாதங்களில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு என் வீட்டுக்கு வந்தார்கள். முதலாமவர் அருமனைப் பக்கத்துச் செவிலியர். தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே பிரிட்டன் செல்வதற்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்குப் படிக்கிறார். அடுத்தவன் நாகர்கோவிலில் பி.காம். இறுதியாண்டு படிக்கும் பையன். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டு, நேர்முகத்தில் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடியாமல் திரும்பியவன். மூன்றாமவர் குளச்சலைச் சேர்ந்த ஒரு தாய். கணவர் ஆழ்கடல் மீன்பிடிக்குப் போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் மகளுக்காக ஆசிரியர்களிடம் பேச வேண்டிய பொறுப்பு இவருடையது.

“ஆன்லைனில் தனியாக ஒரு டீச்சரை வைத்துக்கொள்ளட்டுமா சார், இல்லை மார்த்தாண்டத்தில் சென்டரில் சேரட்டுமா?” என்று செவிலியர் கேட்டார். மற்ற இருவரும் கேட்டது ஏறக்குறைய இதையேதான். மூவருக்கும் நான் மூன்று விதமாகப் பதில் சொன்னேன். அந்தப் பதில்களுக்குப் பின்னால் இருந்த கணக்கை இங்கே விரிவாக எழுதுகிறேன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். இப்போது கட்டணத்துக்கு வகுப்பு எடுப்பதில்லை. எந்த மையத்தோடும் எனக்குத் தொடர்பு கிடையாது.

## எதை வைத்து அளப்பது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது நம் மாவட்டம். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு ஆங்கிலச் செய்தித்தாளை வாசித்துப் புரிந்துகொள்ள முடிகிறது. இலக்கணக் கேள்வித்தாளைக் கொடுத்தால் எண்பது மதிப்பெண் வாங்குகிறார்கள். வாய் திறக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. பேச்சு என்பது நீச்சல் மாதிரி உடம்புக்குப் பழக வேண்டிய காரியம். முட்டம் கடற்கரையில் நின்று அலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீச்சல் வராது.

ஆகவே என் முதல் அளவுகோல், ஒரு மாதத்தில் நீங்களே ஆங்கிலத்தில் பேசிய நிமிடங்கள் எத்தனை என்பது. ஆசிரியர் பேசியதும் திரையில் பார்த்ததும் இந்தக் கணக்கில் சேராது.

இரண்டாவது, உங்கள் பிழையை யாராவது கேட்டுத் திருத்துகிறார்களா என்பது. “ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்”, “டிஸ்கஸ் அபவுட்” என்று பத்து ஆண்டுகளாகச் சொல்லி வருபவருக்கு அது பிழை என்று தானாகத் தெரியப்போவதில்லை.

மூன்றாவது, கட்டண அட்டையில் இல்லாத செலவுகளையும் சேர்த்த மொத்தச் செலவு. நான்காவது, உங்கள் பணி நேரம், வீடு, சிக்னல் ஆகியவற்றோடு அது ஒத்துப்போகிறதா என்பது. ஐந்தாவது, பாதியில் நின்றால் பணம் திரும்பி வருமா என்பது. கடைசி இரண்டையும் சேரும்போது யாரும் யோசிப்பதில்லை. விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் இவற்றால்தான் விட்டுப் போகிறார்கள்.

அளவுகோல்களுக்கு அப்பால் ஒரு கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியத் தர வரிசையில் ஆங்கிலத் திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறார்கள். தொடக்கத்திலிருந்து ஏ2 படிக்கு ஏறத்தாழ 180 முதல் 200 மணி நேரம், பி1 படிக்கு 350 முதல் 400, பி2 படிக்கு 500 முதல் 600 மணி நேரம் வழிகாட்டலுடன் கூடிய படிப்பு தேவைப்படும் என்பது கேம்பிரிட்ஜ் தரும் உத்தேச அளவு. தட்டுத்தடுமாறிப் பேசும் ஏ2 நிலையிலிருந்து வேலைக்கு ஆகும் பி2 நிலைக்குப் போக இன்னும் முந்நூறு, நானூறு மணி நேரம் இருக்கிறது என்று பொருள். வாரம் இரண்டு மணி நேரம் தனி வகுப்பு எடுத்தால் ஓர் ஆண்டில் நூறு மணி நேரம்தான் ஆகும். மீதியை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். “மூன்றே மாதத்தில் சரளமான ஆங்கிலம்” என்ற சுவரொட்டியை எந்தப் பேருந்து நிலையத்தில் பார்த்தாலும் இந்த எண்ணிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

## வழி ஒன்று: தனி ஆசிரியரிடம் நேரடியாக ஆன்லைன் வகுப்பு

நிறுவனம் எதிலும் சேராமல், வாட்ஸ்அப்பிலோ தெரிந்தவர் மூலமோ பிடித்து, கூகுள் மீட்டிலோ ஜூமிலோ ஒருவருக்கு ஒருவராக எடுக்கும் வகுப்பைச் சொல்கிறேன். மகப்பேறுக்குப் பின் வேலையை விட்ட கல்லூரி விரிவுரையாளர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஆங்கில இலக்கியம் முடித்த இளைஞர்கள் எனப் பலர் இப்போது இதைச் செய்கிறார்கள்.

பேசும் நிமிடங்கள்: இதில் இந்த வழிக்கு இணையே கிடையாது. ஒரு மணி நேர வகுப்பில் ஆசிரியர் பாதி பேசினாலும் மீதி முப்பது நிமிடம் உங்களுடையது. மையத்தில் இருபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், ஆசிரியர் பாதி நேரத்தை எடுத்துக்கொண்டால், தலைக்கு ஒன்றரை நிமிடம் வரும். இதை ரூபாயாக மாற்றிப் பாருங்கள். தனி ஆசிரியர் மணிக்கு 400 ரூபாய் கேட்கிறார், மாதம் எட்டு வகுப்பு என்று வைத்துக்கொண்டால் 3,200 ரூபாய்க்கு 240 நிமிடம் பேசுகிறீர்கள். நிமிடத்துக்கு 13 ரூபாய் சொச்சம். மையத்தில் மாதம் 1,500 ரூபாய், இருபது வகுப்பு என்றால் நீங்கள் பேசுவது முப்பது நிமிடம்; நிமிடத்துக்கு 50 ரூபாய். தொகைகளை நான் கணக்குக்காக வைத்தேன். உங்களிடம் கேட்கப்படும் தொகையைப் போட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள், விலை குறைந்ததாகத் தெரிவது பல நேரம் விலை கூடியதாகிவிடும்.

திருத்தம்: நல்ல ஆசிரியர் கிடைத்தால் இதுவே இந்த வழியின் பெரும் பயன். அருமனைச் செவிலியரின் ஒரு வகுப்பை, அவருடைய அனுமதியோடும் ஆசிரியரின் அனுமதியோடும், அருகில் உட்கார்ந்து கேட்டேன். மாடிப்படியின் நான்காவது படியில்தான் அந்த வீட்டில் சிக்னல் நிற்கும். அங்கே பாய் விரித்து, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். நோயாளிக்கு மருந்தளவு சொல்வது அன்றைய பயிற்சி. “ஃபிஃப்டீன் மில்லிகிராம்” என்று இவர் சொன்னார். ஆசிரியை நிறுத்தினார். “நீங்கள் சொன்னது பதினைந்தா, ஐம்பதா? எனக்கு ஐம்பது என்று கேட்டது” என்றார். ஐம்பதைச் சொல்லும்போது அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும், பதினைந்தைச் சொல்லும்போது இரண்டாம் அசையை நீட்டி அழுத்த வேண்டும். நாம் இரண்டையும் ஒரே தட்டாகத் தட்டுகிறோம். பத்து முறை மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தார். அதோடு “சந்தேகம் வந்தால் ‘ஒன் ஃபைவ்’ என்று இலக்கங்களைப் பிரித்துச் சொல்லுங்கள்” என்றும் சொல்லிக் கொடுத்தார். நோட்டில் அந்தப் பக்கத்தில் மூன்று வரிதான் எழுதியிருந்தார். அந்த மூன்று வரிக்கு அன்றைய கட்டணம் முழுவதும் தகும் என்று எனக்குப் பட்டது. இருபது பேர் வகுப்பில் இந்தப் பிழை யார் காதிலும் விழுந்திருக்காது.

தமிழ் தெரிந்த ஆசிரியருக்கு இன்னொரு பலம் உண்டு. நாம் எங்கே இடறுவோம் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். தமிழ் எழுத்தில் ‘பின்’ என்றால் குத்தும் ஊசியும் அதுதான், குப்பைத்தொட்டியும் அதுதான். நம் வல்லின எழுத்து ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்பதால், ஆங்கிலத்தில் அவை வெவ்வேறு சொற்களாவதை நம் காது எளிதில் பிரிப்பதில்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் மலையாளச் சாயலும் சேர்ந்துகொள்ளும். இதையெல்லாம் அறிந்தவர் முதல் நாளே மருந்தைக் கையில் எடுப்பார்.

மறைந்திருக்கும் செலவு: கட்டணம் தெளிவாக இருக்கும்; மற்றவை இருக்காது. வகுப்பை ரத்து செய்தால் பணம் போகுமா என்பதை முன்பே கேளுங்கள். 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் மாற்றித் தருவது பல ஆசிரியர்களின் வழக்கம். ஜூமின் இலவசக் கணக்கில் ஒருவருக்கு ஒருவர் பேசினாலும் 40 நிமிடத்தில் துண்டாகிவிடும். 2022 முதல் இப்படித்தான். கூகுள் மீட்டில் இருவர் பேச அந்தத் தொல்லை இல்லை. காணொளியோடு ஒரு மணி நேரம் பேச அரை ஜிபிக்குக் குறையாமல் டேட்டா போகும், படம் துல்லியமாக இருந்தால் ஒன்றரை ஜிபியைத் தொடும். நாள் ஒன்றுக்கு ஒன்றரை ஜிபி ரீசார்ஜில், மகளின் பள்ளி வேலையும் அதே போனில் நடக்கும் வீட்டில், இது சிறிய செலவில்லை. இரண்டாம் நாள் முதல் கேமராவை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்தாலும் பேச்சுப் பயிற்சிக்குக் குறைவில்லை. மைக் உள்ள ஹெட்போன் ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வானிலையையும் செலவில் சேர்க்கிறேன். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் நம்முடையது. ஐப்பசியில் பிற்பகலில் இடி முழங்கினால் மோடத்தைக் கழற்றி வைக்கிற வீடுகள்தான் அதிகம். அந்த மாதங்களில் மாலை நான்கு மணி வகுப்பை ஒப்புக்கொண்டால் வாரம் ஒன்றாவது கைவிட்டுப் போகும். காலை ஏழு மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பேச்சிப்பாறைக்கு மேலே மலைப்பகுதியில் இருப்பவர்கள் சேர்வதற்கு முன்பே ஒரு மணி நேரம் தடையில்லாமல் பேச முடிகிறதா என்று உறவினர் ஒருவரோடு பேசிச் சோதித்துவிட வேண்டும்.

ஆபத்து: ஆசிரியருக்கு உடல்நலம் கெட்டால் மாற்றாள் இல்லை. திடீரென வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால் கேட்க அலுவலகமும் இல்லை. என் உறவுக்காரப் பெண் ஒருவர் ஆறு மாதக் கட்டணத்தை ஒரே தவணையில் அனுப்பினார். இரண்டாம் மாதத்திலேயே வகுப்புகள் தள்ளிப் போகத் தொடங்கின, நான்காம் மாதம் போனை எடுக்க ஆளில்லை. நான்கு வகுப்புக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். கட்டணம், வகுப்பு நீளம், ரத்து விதி மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சை விட அந்த ஒரு செய்தி பலமானது. பிள்ளைகளுக்கு என்றால் கதவு திறந்திருக்கும் அறையில், பெரியவர் ஒருவர் காதுக்கு எட்டும் தூரத்தில் வகுப்பு நடக்கட்டும். இதைச் சொன்னதும் முகம் சுளிக்கும் ஆசிரியர் வேண்டாம்.

யாருக்கு இது பொருந்தும்: தேதி குறித்த இலக்கு உள்ளவர்களுக்கு, இலக்கணம் ஓரளவு தெரிந்து நாக்கு மட்டும் கட்டிக்கிடப்பவர்களுக்கு, பணி நேரம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு, நான்கு பேர் முன் பேசக் கூசுபவர்களுக்கு. வகுப்புக்கு வெளியே நாளொன்றுக்கு அரை மணி நேரம்கூட ஒதுக்க முடியாதவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். திருத்தியதைத் திரும்பப் பழகாவிட்டால் அதே பிழைக்கு வாரந்தோறும் பணம் கட்டிக்கொண்டிருப்பார்.

## வழி இரண்டு: வலைத்தளம் வழியே வெளிநாட்டு ஆசிரியர்

ஐடாக்கி, ப்ரெப்ளி போன்ற தளங்களில் பல நாட்டு ஆசிரியர்கள் பட்டியலில் இருப்பார்கள். பேசும் நிமிடங்கள் தனி வகுப்பில் எவ்வளவோ அவ்வளவே. சோதனை வகுப்பு எடுத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் அடுத்தவரிடம் போகலாம். பணம் தளத்தின் கையில் இருப்பதால் ஆசிரியர் வராவிட்டால் முறையிட ஓர் இடம் உண்டு.

நீங்கள் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தளம் தரகாக எடுத்துக்கொள்ளும். அதே தொகையை நேரடியாகக் கொடுத்தால் இன்னும் அனுபவமுள்ள ஒருவர் கிடைக்கக்கூடும். கட்டணம் டாலரில் இருந்தால் வங்கி அட்டையில் அந்நியச் செலாவணிக் கட்டணம் இரண்டு முதல் மூன்றரை விழுக்காடு வரை தனியாகப் பிடிக்கப்படும். 2020 அக்டோபருக்குப் பிறகு வழங்கப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் நீங்களே திறக்க வேண்டும். சந்தா முறையில் மாதந்தோறும் தானாகப் பணம் எடுக்கும் தளங்களும் உண்டு. சேரும் அன்றே நிறுத்துவதற்கான பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

“வெள்ளைக்காரர் சொல்லிக்கொடுத்தால்தான் நல்ல ஆங்கிலம்” என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் வலுவாக இருக்கிறது. தொடக்க நிலையில் இருப்பவருக்கு இது பயன்படாது என்பதே என் அனுபவம். ‘சாப்பிட்டேன்’, ‘சாப்பிட்டிருக்கிறேன்’ இரண்டுக்கும் ஆங்கிலத்தில் என்ன வேறுபாடு, ‘நேற்று’ என்ற சொல் வந்தால் இரண்டாவது ஏன் வராது என்பதைத் தமிழில் இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம். தமிழ் தெரியாதவர் அரை மணி நேரம் போராடுவார். அதோடு, வளைகுடாவில் வேலைக்குப் போகிறவர் அங்கே பேசப்போவது பிலிப்பைன்ஸ்காரரோடும் மலையாளியோடும் எகிப்தியரோடும். இலண்டன் உச்சரிப்பு அங்கே தேவைப்படுவதே இல்லை, தெளிவாகப் பேசினால் போதும்.

ஓரளவு தடையின்றிப் பேசத் தொடங்கியபின் இந்த வழியை நானே பரிந்துரைப்பேன். தமிழுக்குத் திரும்பி ஓட வழியில்லாத ஒரு மணி நேரம் அப்போது மருந்தாக வேலை செய்யும். பிரிட்டன் செல்பவருக்கு அந்நாட்டுப் பேச்சைக் காதுக்குப் பழக்குவதும் அவசியம். நேர வேறுபாட்டைக் கணக்கிடும்போது, பிரிட்டன் நமக்குக் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் கோடையில் நாலரை மணி நேரமும் பின்தங்கி இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். மார்ச், அக்டோபர் இறுதிகளில் இது மாறும்போது வகுப்பைத் தவறவிட்டவர்கள் உண்டு.

## வழி மூன்று: நிறுவனத்தின் ஆன்லைன் குழு வகுப்பும் கட்டணச் செயலியும்

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். பதிவு செய்த காணொளிகளும் பயிற்சித் தாள்களும் செம்மையாகத் தயாரிக்கப்பட்டிருக்கும். பேசும் நிமிடங்கள் குறைவு. திருத்தத்தைப் பல இடங்களில் எந்திரம் செய்கிறது. சொல் தவறா என்று அதற்குத் தெரிகிறது. மாமியார் முன்னால் போனில் பேசக் கூசிக் குரல் தாழ்கிறது என்பது அதற்குத் தெரியாது.

மறைமுகச் செலவுதான் இங்கே பெரிது. சொல்லும் கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேருமா என்று கேளுங்கள். (ஆண்டு வருவாய் 20 லட்சத்துக்குள் இருக்கும் தனி ஆசிரியருக்கு ஜிஎஸ்டிப் பதிவே தேவையில்லை.) “வட்டியில்லாத் தவணை” என்று சொல்லி உங்கள் பெயரில் நிதி நிறுவனம் ஒன்றில் கடன் எடுத்துக் கொடுப்பார்கள். வகுப்பு பிடிக்காமல் நிறுத்தினாலும் கடன் நிற்காது, தவணை தவறினால் பின்னால் வீட்டுக்கடன் கேட்கும்போது அந்தப் பதிவு குறுக்கே நிற்கும். பெரிய பெயர் என்பதும் காப்பு ஆகாது. நாட்டின் மிகப் பெரிய கல்வித் தொழில்நுட்ப நிறுவனமாக இருந்த பைஜூஸ் மீது 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது.

தேர்வு மாதிரித் தாள்களும் கால அட்டவணையும் மட்டும் வேண்டும், பேச வேறு இடம் இருக்கிறது என்பவருக்கு ஒரு மாதச் சந்தா நல்லது. ஓராண்டுச் சந்தா யாருக்கும் வேண்டாம்.

## வழி நான்கு: நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலைப் பயிற்சி மையங்கள்

தலைக்கு ஒன்றரை நிமிடக் கணக்கை மேலே சொன்னேன். அதனால் மையங்களைத் தள்ளிவிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மாலை ஐந்தரைக்குப் போய் உட்கார வேண்டும் என்ற கட்டாயமே பலரைக் காப்பாற்றுகிறது. வீட்டில் இருந்தால் பெண்களுக்கு அடுக்களை அழைக்கும், பையன்களுக்கு நண்பர்கள் அழைப்பார்கள். மையத்தில் கிடைக்கும் கூட்டாளிகள் இன்னொரு சொத்து. வகுப்பு முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் இருபது நிமிடமும் ஆங்கிலத்திலேயே பேசுவது என்று முடிவு செய்த நான்கு பெண்களை வடசேரிப் பேருந்து நிலையத்தில் நானே பார்த்திருக்கிறேன். வகுப்பில் கிடைக்காத நிமிடங்களை அவர்கள் நடைமேடையில் எடுத்துக்கொண்டார்கள்.

நேர்முகத் தேர்வுக்கும் குழு விவாதத்துக்கும் தயாராகிறவருக்கு, பத்துப் பேர் பார்க்கப் பேசும் கூச்சம் தெளிவது தேவை. தனி வகுப்பில் அது கிடைக்காது. ஓஇடிக்கும், வெளிநாடு செல்வோர் எழுதும் பொது ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸுக்கும் பயிற்சி தரும் மையங்களில் எழுத்துப் பகுதிக்கு நிறைய மாதிரிகளைப் பார்க்க முடியும்.

செலவில் நேரத்தைச் சேருங்கள். அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை என்பதால் பயணச் செலவு குறைந்திருக்கிறது. ஆனால் குலசேகரத்திலிருந்தோ கருங்கல்லிலிருந்தோ போக, வர, மார்த்தாண்டம் நெரிசலில் நிற்க என்று நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போனால், இருபது நாளில் முப்பது மணி நேரம். அந்த முப்பது மணி நேரத்தை வீட்டிலிருந்து பேசச் செலவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சேரும் முன் ஒரு வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். தகரக் கூரை போட்ட மாடி அறையில் மழை பெய்தால் ஆசிரியர் குரலே கேட்காத மையங்களும் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை மாணவர்கள் வாய் திறந்தார்கள் என்று விரல் விட்டு எண்ணுங்கள். விளம்பரத் தாளில் இல்லாதது அந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.

## வழி ஐந்து: பணம் கொடுக்காமல் தானே கற்பது

பிபிசி லேர்னிங் இங்கிலிஷ், பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலிஷ் இரண்டும் இலவசம். தரத்தில் பல கட்டண வகுப்புகளுக்கு மேலே நிற்பவை. கல்லூரி மாணவர்களுக்கு 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் ஆங்கிலத் தொடர்புத் திறன் பயிற்சியும் உண்டு. அந்தப் பி.காம். பையனின் பாடவேளையில் அது இருந்தும், வருகைப் பதிவுக்காக மட்டும் உட்கார்ந்திருக்கிறான். கிடைத்ததை முதலில் பயன்படுத்து மக்களே என்று கடிந்தே சொன்னேன்.

குறை திருத்தம்தான். கூட்டாளி ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் பேசும் நிமிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும், பிழையும் இருவருக்கும் சேர்ந்தே வளரும். இரண்டு நிமிடம் பேசி போனில் பதிந்து, மறுநாள் கேட்டால், தன் பிழைகளில் ஒரு பகுதியைத் தானே பிடிக்க முடியும். இதை ஒரு மாதம் விடாமல் செய்தவர் எந்த வகுப்புக்குப் போனாலும் மற்றவரை விட வேகமாக முன்னேறுகிறார்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | தனி ஆசிரியர் | தளம் வழி வெளிநாட்டவர் | குழு வகுப்பு, செயலி | ஊர் மையம் | தானே கற்றல் |
|---|---|---|---|---|---|
| பேசும் நிமிடம் | மிக அதிகம் | மிக அதிகம் | குறைவு | குறைவு | கூட்டாளியைப் பொறுத்தது |
| பிழை திருத்தம் | ஆழமானது, தமிழில் விளக்கம் | நல்லது, விளக்கம் ஆங்கிலத்தில் | பெரும்பாலும் எந்திரம் | எப்போதாவது | இல்லை |
| எதிர்பாராத செலவு | டேட்டா, ரத்தான வகுப்பு | செலாவணிக் கட்டணம், தானியங்கிச் சந்தா | ஜிஎஸ்டி, கடன் தவணை | பயண நேரம் | இல்லை |
| பணத்துக்குப் பாதுகாப்பு | சிறு தவணையில் மட்டும் | ஓரளவு உண்டு | குறைவு | நேரில் போய்க் கேட்கலாம் | கவலையில்லை |
| எளிதில் விட்டுவிடும் வாய்ப்பு | நடுத்தரம் | நடுத்தரம் | அதிகம் | குறைவு | மிக அதிகம் |

## தனி ஆசிரியரைச் சோதிப்பது எப்படி

இந்த வழியைத் தேர்ந்தவர்கள் பெரும்பாலும் தவறுவது ஆளைத் தேர்வதில். சான்றிதழைக் கேட்பார்கள், உச்சரிப்பைப் பார்ப்பார்கள். முதல் வகுப்பில் நான் பார்க்கச் சொல்வது வேறு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது நீங்கள் பேசுகிறீர்களா? பிழையைக் குறித்துக்கொள்கிறாரா? வகுப்பு முடிந்ததும் அந்தக் குறிப்பை அனுப்புகிறாரா? உங்கள் இலக்கு என்ன, எந்தத் தேதிக்குள் என்று கேட்டாரா? தன் கதையைச் சொல்லியே ஒரு மணி நேரத்தைக் கழிக்கும் இனிமையான மனிதர்கள் உண்டு. கேட்கச் சுகமாக இருக்கும், உங்களுக்குப் பேச்சு வராது.

இரண்டாவது சோதனை நான்காம் வகுப்பில். முதல் வகுப்பில் திருத்திய ஒரு பிழையை அவர் மீண்டும் கேட்டுச் சோதித்தாரா என்று பாருங்கள். கேட்டிருந்தால் அவர் உங்களைக் கவனிக்கிறார்.

தேர்வுக்குப் படிப்பவர்கள், அந்தத் தேர்வின் அமைப்பை ஆசிரியர் அறிந்திருக்கிறாரா என்று கேட்டே ஆக வேண்டும். ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதி. இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். ஓஇடியில் செவிலியருக்கு நோயாளியோடு பேசுவது போன்ற இரண்டு உரையாடல்களும், 45 நிமிடத்தில் எழுத வேண்டிய கடிதமும் உண்டு. பிரிட்டனின் செவிலியர் பதிவு மன்றம் ஓஇடியில் பேச்சு, கேட்டல், வாசிப்பு மூன்றிலும் பி தரமும், எழுத்தில் சி பிளஸும் கேட்கிறது. ஐஇஎல்டிஎஸ் என்றால் அந்த மூன்றில் 7, எழுத்தில் 6.5. இதைத் தெரியாதவர் நல்ல ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார், தேர்வில் தேற வைக்க மாட்டார். ஐஇஎல்டிஎஸ் கட்டணமே பதினைந்தாயிரத்தைத் தாண்டும், ஓஇடி அதற்கும் மேல். ஒருமுறை தோற்றால் ஆகும் செலவில் பல மாதத் தனி வகுப்பு எடுத்துவிடலாம்.

## மூவரும் எதை எடுத்தார்கள்

செவிலியர் தனி ஆசிரியரையே எடுத்தார். இரவுப் பணி மாறி மாறி வருவதால் மையத்தின் நேரம் அவருக்கு ஒத்துவராது, இலக்கும் தேதியும் தெளிவாக இருக்கின்றன. வாரம் மூன்று வகுப்பு, நான்கு வகுப்புக்கு ஒருமுறை பணம். கடிதம் எழுதும் பகுதிக்கு மட்டும் மார்த்தாண்டத்தில் ஒரு மையத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகிறார்.

பையனை மையத்துக்கு அனுப்பினேன். ஒருவர் முன் பேச அவனுக்குத் தடையில்லை, நான்கு பேர் கூடினால்தான் நா எழாது. நேர்முகத்துக்கு ஒரு மாதம் முன்பு தனி ஆசிரியரிடம் ஆறு மாதிரி நேர்முகங்கள் மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

குளச்சல்காரத் தாய் முதலில் ஓராண்டுச் செயலிச் சந்தா கட்டவிருந்தார். வேண்டாம் என்று தடுத்தேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார், மாலையில் தனியாகவே இருப்பார். அவரோடு நாள்தோறும் இருபது நிமிடம் ஆங்கிலம் பேசுவது, பதினைந்து நாளுக்கு ஒருமுறை தனி ஆசிரியரிடம் ஒரு மணி நேரம் திருத்திக்கொள்வது என்று ஏற்பாடு. போன வாரம் மகளின் வகுப்பாசிரியைக்குச் சொல்ல வேண்டிய ஆறு வாக்கியங்களை எழுதிக் கொண்டுவந்து என்னிடம் படித்துக் காட்டினார். ஐந்து சரியாக இருந்தன. ஆறாவது “மை டாட்டர் டெல் மீ” என்று தொடங்கியது. நான் திருத்தவில்லை, வெள்ளிக்கிழமை வகுப்பில் ஆசிரியர் அதைப் பிடிக்கிறாரா என்று பார்த்து வந்து சொல்லும்படி அனுப்பியிருக்கிறேன்.